ஹேவ்லாக் பவளப்பாறைகளில் முதல் டைவ்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலர் ஸ்கூபா டைவிங்கை அரை நாள் வேலையாக நினைத்துத் திட்டம் போடுகிறார்கள். காலையில் படகில் வந்து இறங்கி, மதியம் ஸ்கூபா முடித்து, சாயங்காலம் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம். திரும்பி வந்தவர்களிடம் கடலுக்கடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நிறைய மீன் பார்த்தோம்" என்பதற்கு மேல் சொல்ல வருவதில்லை. பாவம், அந்த நேரம் முழுக்க மூச்சு வருமா, காது வலிக்குமா, கேமரா நம்மைப் பார்க்கிறதா என்ற கவலையிலேயே போயிருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சீராக மூச்சு விட்டபடி ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கத் தெரிந்துவிட்டால், பவளப்பாறை தானாக நம் முன்னே விரியும். முதல் டைவிலேயே அதை ஓரளவு பழகிவிட முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, வீட்டில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன். இடம் ஹேவ்லாக். 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினாலும் படகுத்துறையிலும் டைவ் நிலையங்களிலும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

எப்போது போவது

அக்டோபர் முதல் மே வரை டைவ் காலம். அதிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் உருவானால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத் தீவை யோசிக்கலாம். இலங்கையின் கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். 2024-இல் அந்த ஊரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகும். படகில் வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை டைவ் அன்று முதல்முறையாகப் போடாதீர்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறிமுக டைவா, முழுப் பயிற்சியா

உங்கள் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அறிமுக டைவ். டைவ் நிலையங்கள் டி.எஸ்.டி. என்றோ டிரை டைவ் என்றோ சொல்லும். சான்றிதழ் தேவையில்லை, பத்து வயது முடிந்திருந்தால் போதும். கரையில் விளக்கம், ஆழமில்லாத நீரில் கொஞ்சம் பயிற்சி, பிறகு பயிற்றுநரோடு அதிகபட்சம் 12 மீட்டர் வரை இறங்கலாம். இன்னொன்று ஓபன் வாட்டர் பயிற்சி. மூன்று நான்கு நாள் ஆகும். கடலில் நான்கு டைவ், ஒரு தேர்வு. முடித்தால் உலகில் எங்கு வேண்டுமானாலும் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கும் தகுதி கிடைக்கும்.

நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் இரண்டாவதை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அறிமுக டைவில் பெரும்பாலும் பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டு போவார். அது பாதுகாப்புதான், ஆனால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும். பயிற்சியில் அந்தக் கட்டுப்பாடு உங்கள் கைக்கு வருகிறது. பாடப் பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து முடித்துவிட்டுப் போனால், தீவில் இருக்கும் நாட்களை முழுக்கக் கடலுக்கே கொடுக்கலாம்.

நீச்சல் தெரியாதே என்பவர்களுக்கு: அறிமுக டைவுக்கு நீச்சல் தேர்வு இல்லை. ஓபன் வாட்டருக்கு உண்டு. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். நேர வரம்பு கிடையாது. மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பு, ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டால் 300 மீட்டர். கூடவே 10 நிமிடம் மிதக்க வேண்டும். எந்த வழியானாலும், தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் பதறுகிற நிலையில் நேரே கடலுக்குப் போகாதீர்கள். ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் மாஸ்க்கும் ஸ்நார்கலும் போட்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். கடலில் இது பாதி பயத்தைப் போக்கிவிடும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை

டைவ் நிலையத்தில் முதலில் கையில் கொடுப்பது உடல்நலக் கேள்வித்தாள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, நுரையீரல் நோய், காது அறுவை சிகிச்சை, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் டைவ் செய்யவே கூடாது. மற்றவற்றில் குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு "ஆம்" என்று வந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹேவ்லாக் சின்னத் தீவு; அங்கே போய் உங்கள் பழைய ரிப்போர்ட்டுகள் இல்லாமல் ஒரு மருத்துவரைத் தேடுவது கஷ்டம். படகு போய்விடுமே என்று "இல்லை" என்று எழுதிவிடத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள். தண்ணீருக்கடியில் ஆஸ்துமா வந்தால் நான்கு மாடி உயரத்துக்கு இருக்கும் தண்ணீரை விலக்கிவிட்டு யாரும் உங்களுக்கு இன்ஹேலர் தர முடியாது. படிவம் இணையத்தில் கிடைக்கும். அச்செடுத்து, உங்களைத் தெரிந்த மருத்துவரிடம் காட்டி, கையெழுத்தோடு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சளி பிடித்திருந்தால் டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால் காற்று உள்ளே அடைபட்டு, மேலே வரும்போது காதும் நெற்றியும் தெறிக்கும். முதல் நாள் இரவு மது கூடாது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் என்றால் போட்டுக்கொண்டே இறங்கலாம், ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

டைவ் நிலையத்தில் கேட்க வேண்டியவை

விலையைக் கேட்பதற்கு முன் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் டைவுக்கு ஒருவருக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆழமில்லாத நீரில் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் தருவார்கள், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, பயிற்றுநரின் சான்று எண் என்ன என்பதையும் கேளுங்கள். நல்ல நிலையம் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாது. எரிச்சலோடு பதில் வந்தால் அடுத்த நிலையத்துக்கு நடங்கள். தீவில் டைவ் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை.

விளக்கம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருப்பது மிக முக்கியம். அந்தமானில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. தமிழ் தெரிந்த பயிற்றுநர் இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். அரைகுறையாகப் புரிந்த இந்தியிலோ ஆங்கிலத்திலோ தலையாட்டிவிட்டு இறங்க வேண்டிய இடம் கடல் கிடையாது.

இறங்கும் இடத்தைப் பொறுத்தவரை, புதியவர்களை நீமோ ரீஃப், கலங்கரை விளக்கப் பக்கம், எலிபென்ட் கடற்கரை போன்ற இடங்களுக்கு அழைத்துப் போவார்கள். நீமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடம். மணல் மெதுவாகச் சரிந்து போகும் என்பதால் பயம் உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. டிக்ஸன்ஸ் பின்னக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று பேர் பெற்ற இடங்களைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அவை ஆழமானவை, நீரோட்டமும் உண்டு. சான்றிதழும் அனுபவமும் வந்த பிறகு போகலாம்.

வீடியோ சேர்ந்த பேக்கேஜை முதல் டைவுக்கு எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தால் மூச்சும் சீராகாது, பாறையும் கண்ணில் படாது. வேண்டுமானால் இரண்டாவது டைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

சிலிண்டருக்குள் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் இங்கே சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். வாயில் வைக்கும் ரெகுலேட்டர், நீங்கள் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும். 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழி வந்தது இது. அதைக் கவ்விக்கொண்டு இருமலாம், வாந்தியே எடுத்தாலும் அதன் வழியாக வெளியே போய்விடும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் பதறி அதை வாயிலிருந்து பிடுங்காதீர்கள்.

மேலே போட்டுக்கொள்ளும் சட்டை பி.சி.டி. பொத்தானை அழுத்திக் காற்றை ஏற்றினால் மிதப்பீர்கள், இறக்கினால் தாழ்வீர்கள். இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டை. அந்தமான் தண்ணீர் 27, 28 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது வழக்கம் என்பதால் மெல்லிய வெட்சூட் போதும்.

மாஸ்க்கை மட்டும் நீங்களே சோதித்துப் பாருங்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. தலைமுடி ஓரத்தில் சிக்கியிருந்தால் கசியும். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கொஞ்சம் தண்ணீர் கட்டாயம் வரும். பட்டியை இறுக்கினால் இன்னும்தான் கசியும். நீரை வெளியேற்றத் தெரிந்துகொண்டால் மீசைக்கு ஆபத்தில்லை.

இடுப்பளவு நீரில் மூன்று பழக்கங்கள்

இந்தக் கட்டத்தை அவசரப்படுத்த விடாதீர்கள். பத்து நிமிடம் போதும் என்று பயிற்றுநர் சொன்னாலும், உங்களுக்குப் பழகும்வரை "இன்னொரு முறை" என்று கேளுங்கள்.

முதலாவது, மூச்சு. நம்மில் கிணற்றிலும் குளத்திலும் முங்கி வளர்ந்தவர்களுக்குத் தம் பிடிப்பது உடம்பில் ஊறிய பழக்கம். தலை நீருக்குள் போனதும் மூச்சு தானாக நின்றுவிடும். ஸ்கூபாவில் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் போக இடமில்லாமல் அது நுரையீரலைக் கிழிக்கும். கிணற்றில் முங்கும்போது மேலே இழுத்த காற்றுதான் உள்ளே இருக்கும். சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். அதனால் அங்கே ஆபத்தில்லை, இங்கே உண்டு. ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் சிறு குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவாக இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். பதற்றம் வந்தால் ஒரு நீண்ட மூச்சை வெளியே விடுவதே முதல் மருந்து.

இரண்டாவது, மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது. தலையைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதுங்கள். காற்று மேலே சேர்ந்து, தண்ணீர் கீழ் விளிம்பு வழியாகப் போய்விடும். முதல் முறை மூக்கில் தண்ணீர் ஏறி எரியும். நான்கைந்து முறை செய்த பிறகு, தண்ணீர் புகுந்தாலும் "சரி, ஊதிவிடலாம்" என்று தோன்றும். அந்த நினைப்பு வரும்வரை கரையருகிலேயே இருங்கள்.

மூன்றாவது, சைகைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் நலம். கட்டைவிரல் மேலே என்றால் "மேலே போகலாம்". நமக்கு "சூப்பர்" என்று கட்டைவிரலைத் தூக்கும் வழக்கம் இருப்பதால், சந்தோஷத்தில் தூக்கிக் காட்டுபவரைப் பயிற்றுநர் உடனே மேலே கூட்டிவந்துவிடுவார். விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. கூடவே காதையோ வேறு இடத்தையோ சுட்டிக் காட்டுங்கள்.

இறங்கும்போது காது

முதல் டைவ் கலைவது பெரும்பாலும் காதால்தான். ஆழம் கூடக் கூட வெளி அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். விமானம் தரையிறங்கும்போது காது அடைப்பதும் இதனால்தான். மூக்கை விரல்களால் மூடி, மூக்கு வழியாக மெதுவாக ஊதுவதுபோல் அழுத்தினால் காதுக்குள் 'டப்' என்று ஒரு சின்ன விடுதலை கேட்கும். வலி வந்த பிறகு செய்தால் திறக்காது. தலை நீருக்குள் போன உடனேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை செய்யுங்கள். அழுத்தம் சதவீதக் கணக்கில் வேகமாக மாறுவது மேலே உள்ள பத்து மீட்டரில்தான். ஆகவே தொடக்கத்தில்தான் அடிக்கடி செய்ய வேண்டும்.

கால் கீழே, தலை மேலே என்று இறங்குவது காதுக்கு எளிது. நங்கூரக் கயிறு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காது மட்டும் திறக்கவில்லையா? நிறுத்துங்கள், காதைக் காட்டுங்கள், ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். வேகமாக ஊதித் திறக்கப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்களே என்று வலியைப் பொறுத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். காது திறக்காத நாளில் மேலே வந்துவிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பாறையருகே

ஆறேழு மீட்டர் ஆழத்தில் மணல் தரை வந்ததும் உடனே பாறையை நோக்கிக் காலை உதைக்காதீர்கள். ஒரு நிமிடம் நின்று மூச்சைக் கவனியுங்கள். மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் உயரும், விட்டால் தாழும். இழுத்த உடனே உயராது, ஓரிரு நொடி கழித்துத்தான் உயரும். இந்த இடைவெளியை உடம்பு புரிந்துகொண்டால் கைகால் ஆட்டாமல் அந்தரத்தில் நிற்கலாம். கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். கை நீந்த ஆசைப்படும், விடாதீர்கள். காற்றும் மிச்சமாகும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே ஆவதைப்போல் இரு மடங்கு காற்றைச் செலவழிக்கும் என்பதால், பதறி மூச்சிரைப்பவரின் டைவ் நிதானமாக இருப்பவருடையதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

முதலில் காதில் விழுவது ஒரு நொறுநொறுப்புச் சத்தம். பாறை இடுக்குகளில் இருக்கும் சொடுக்கு இறால்கள் கொடுக்கை அடிக்கும் ஓசை அது. அதற்கிடையே 'கரக், கரக்' என்று தெளிவாகக் கேட்டால் அருகில் கிளி மீன் இருக்கிறது என்று அர்த்தம். பல்லெல்லாம் அலகுபோல் ஒட்டிய அந்த மீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்று, அரைத்த சுண்ணாம்பை வெள்ளை மணலாக வெளியே விட்டுக்கொண்டே போகும்.

நிறம் எதிர்பார்த்த மாதிரி இல்லையே என்று சிலர் ஏமாறுவார்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பயிற்றுநரிடம் டார்ச் இருந்தால் ஒரு பாறை இடுக்கில் அடிக்கச் சொல்லுங்கள். பழுப்பாகத் தெரிந்த இடம் சிவப்பும் ஆரஞ்சுமாக எரியும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், ஆழம் குறைந்த இடத்தில், நிறங்கள் மிக நன்றாகத் தெரியும்.

பிறகு பாறையில் ஒட்டிப் பூப்போல விழுதுகளை விரித்திருக்கும் கடற்சாமந்தி என்ற உயிரினத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் இரண்டு மூன்று நிமிடம் மிதங்கள். கோமாளி மீன்கள் முதலில் உள்ளே ஒளியும். நீங்கள் அசையவில்லை என்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். இருப்பதிலேயே பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறுசுகள். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். கடற்சாமந்தியின் ஓரத்தில், கொட்டும் விழுதுகளின் நிழலில், பாறைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அவை முட்டைகள். ஆண் மீன் அவற்றின் முன்னே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போனதை வாயால் பொறுக்கி எடுக்கும். பொரிக்கும் நாள் நெருங்கினால் ஆரஞ்சு மறைந்து ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரியும். நீங்கள் இன்னும் நெருங்கினால் பெண் நேரே மாஸ்க்குக்கு எதிரே வந்து முட்டும். விரல் நீளம்கூட இல்லாத மீன், அவ்வளவு துணிச்சல்!

அப்புறம் நேரம் இருந்தால், உருண்டையான பெரிய பவளத்தின் மேல் சின்னச் சின்ன மரங்களாக மஞ்சளும் நீலமுமாக நிற்கும் புழுக்களைத் தேடுங்கள். உங்கள் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அரை நிமிடம் பொறுத்தால் மெல்ல மறுபடி விரியும். களவா மீன் ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்றால், அதன் செவுளுக்குள் நீலக் கோடு போட்ட சிறு மீன் ஒன்று ஒட்டுண்ணி பொறுக்கிக்கொண்டிருக்கும். பாம்பு போன்ற அஞ்சாலை மீன் பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டுவதற்கு இல்லை, மூச்சு விடுவதற்கு. சீலா மீன் கூட்டம், ஆமை, நீலப் புள்ளித் திருக்கை எல்லாம் அன்றைய அதிர்ஷ்டம்.

தொடாதீர்கள்

எதையும் தொடக்கூடாது என்று எல்லாப் பயிற்றுநர்களும் சொல்வார்கள். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாக அடங்கும். உருண்டைப் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரப் பவளத்துக்கு நம் தாத்தாவைவிட வயது அதிகம். கிளைப் பவளம் வேகமாக வளரும் என்றாலும், துடுப்பின் ஓர் உதையில் பல வருட வளர்ச்சி உடைந்து விழும். உடைக்காவிட்டாலும், துடுப்பு கிளப்பும் மணல் மேலே படிந்தால் பவளத்தை உருவாக்கும் நுண்ணிய உயிர்கள் மூச்சுமுட்டும். இவை ஏற்கெனவே அடிபட்டவை. கடல் நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால் போதும். பவளம் தனக்கு உணவு தரும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் அப்படி நடந்தது. கரையோரத்தில் உடைந்த கிளைகளும் பாசி மூடிய திட்டுகளும் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம். அவற்றுக்கிடையே விரல் நீளத்தில் புதுக் கிளைகள் முளைத்திருப்பதும் கண்ணில் படும். அவற்றின் மேல் மட்டும் கால் பட்டுவிடக் கூடாது. பவளத்தின் நலனுக்காக, தோலுக்கு சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

உங்கள் நலனுக்கும் இதுவே பாதுகாப்பு. கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும், சிங்க மீன் அழகாக விரித்திருக்கும். இரண்டின் முட்களிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சுடுநீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது முதலுதவி, பிறகு உடனே மருத்துவர். பட்டைபோட்ட கடல் பாம்பு சாதுவானது. வழி விட்டால் தன் போக்கில் போகும். துரத்துவது பெரிய கிளாத்தி மீன் மட்டும்தான். முட்டையிட்ட குழிக்கு மேலே உள்ள நீரையெல்லாம் தன் எல்லையாக நினைக்கும். மேலே ஏறித் தப்பிக்க முடியாது, பக்கவாட்டில் விலகிப் போங்கள். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் குளிக்கக்கூட இறங்காதீர்கள்.

மேலே வருதல்

காற்று 50 பாருக்கு வருவதற்குள் படகருகே இருக்க வேண்டும். எனவே 100 பாரிலேயே பயிற்றுநரிடம் சைகை காட்டிவிடுங்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். உங்கள் சிறிய குமிழிகளை முந்தாமல் ஏறினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பார்கள். ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் அமைதியாக வெளியேற அந்த நேரம். மேலே படகு வருகிறதா என்று பார்த்து, கையை உயர்த்தியபடி தலையை வெளியே எடுங்கள். மேலே வந்ததும் முதல் வேலை பி.சி.டி.யில் காற்றை நிரப்புவது. அதற்குப் பிறகுதான் ரெகுலேட்டரை எடுத்துவிட்டுப் பேச வேண்டும்.

அன்று மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஏதாவது இருந்தால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடாமல் டைவ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உடனே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய விஷயம் இது.

கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூட நினைவுக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்குத் தரும் அதே பாதுகாப்பு. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள்.

கடைசியாக விமானம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நிம்மதி. விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். ஆகவே பயணத் திட்டத்தில் டைவை முதல் பாதியில் வையுங்கள். போர்ட் பிளேரில் இறங்கியதும் நேரே ஹேவ்லாக், டைவ் முடிந்ததும் ராதாநகர், நீல் தீவு, கடைசி முழு நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கிவிட்டு மறுநாள் விமானம் என்று அமைத்தால் மணிக்கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே வராது.